எல்லோரும் தலையாட்டினால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தமா?

ஜூன் 2, இரவு 9.40. கேள்வி

குழுவில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறுகிறது. வெளியே வந்த கையோடு நாலு பேர், "எனக்கு அப்பவே சரியாப் படல" என்கிறார்கள். இது வெறும் கோழைத்தனம். ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 2, இரவு 11.15

மறுக்கிறேன். ஆளை மாற்றினால், புதிதாக வருபவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் செய்வார்.

1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமான நீளம் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் நூறு பதிலில் ஒன்றுகூடத் தப்பாவதில்லை. 18 சுற்றுகளில் 12-ல் மட்டும், அறையில் இருந்த மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்தபடி ஒரே தப்பான பதிலை வரிசையாகச் சொன்னார்கள். விஷயம் தெரியாதவர் ஒருவர்தான், அவர் முறை கடைசியை ஒட்டி வரும். அந்த 12 சுற்றுகளில் சுமார் 37 சதவீதப் பதில்கள் கூட்டத்தோடு போயின. நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு மற்றவர்கள் சொன்னதைச் சொன்னார்கள்.

அங்கே சம்பளம் இல்லை, பதவி உயர்வு இல்லை, மறுநாள் அதே முகங்களைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதெல்லாம் இருக்கும் ஒரு குழுவில் அழுத்தம் எவ்வளவு இருக்கும்! கோழைத்தனம் என்று பெயர் வைத்தால் நாலில் மூன்று பேருக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டியிருக்கும். அதனால் பயன் இல்லை.

ஜூன் 3, காலை 7.05

நேற்று எழுதியதில் முக்கியமான பாதி விடுபட்டது. 37 சதவீதம் என்ற எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆஷ் சோதனையின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தபோது கிடைத்தவைதான் நமக்கு வேலைக்கு ஆகும்.

எதிரே ஒரே ஒருவர் தப்பாகச் சொன்னால் யாரும் அசைவதில்லை. இரண்டு பேர் சொன்னால் கொஞ்சம் ஆட்டம், 14 சதவீதம் அளவுக்கு. மூன்று பேர் ஆனதும் 32-ஐத் தொடுகிறது. அதற்கு மேல் ஆளைக் கூட்டினாலும் பெரிய ஏற்றம் இல்லை. ஆக, கூட்டத்தின் அளவு பெரிய விஷயமில்லை. முதலில் வாய் திறக்கும் மூன்று பேர் ஒரே குரலில் பேசிவிட்டாலே போதும், காரியம் முடிந்தது.

சரியாகச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்தால், கூட்டத்தோடு போகும் இந்த வழுக்கல் கால் பங்காகக் குறைகிறது. பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுத விட்டாலும் பெரிதும் குறைகிறது. அதே ஆள், அதே துணிச்சல்தான். மாறியது ஏற்பாடு மட்டும்.

ஜூன் 3, மதியம். வாசகர் ஒருவர்

கோடு அளப்பது வேறு, நிஜ முடிவு வேறு. விவரம் தெரிந்த பெரிய மனிதர்கள் இப்படி ஏமாற மாட்டார்கள்.

ஜூன் 3, இரவு 10.20

ஏமாந்திருக்கிறார்கள். உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972-ல் குழுச்சிந்தனை பற்றி, அதாவது ஒத்துப்போகும் ஆசையில் குழு சந்தேகப்படுவதையே விட்டுவிடுவது பற்றி எழுதியபோது பிரதானமாக எடுத்துக்கொண்ட உதாரணம், கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் அமெரிக்க அரசு திட்டமிட்ட படையெடுப்பு. 1961 ஏப்ரல் 17 அன்று நாடு கடந்த கியூபர்கள் சுமார் 1,400 பேர் கரையிறங்கினார்கள். மூன்று நாளில் எல்லாம் முடிந்து, 1,100-க்கு மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள்.

திட்டத்தில் ஒரு மாற்றுவழி இருந்தது: கரையில் தோற்றால் எஸ்காம்ப்ரே மலைக்குள் ஓடி மறைந்து கெரில்லாப் போர் நடத்தலாம். முதலில் யோசித்த இறங்குமிடம் மலைக்குப் பக்கத்தில் இருந்ததால் அது பொருந்தியது. இறங்குமிடத்தை மாற்றிய பிறகு, மலைக்கும் கரைக்கும் நடுவே 80 மைல் தூரத்துக்குச் சதுப்பும் காடும். ஒரு வரைபடத்தை விரித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியாதா என்ன? "வேறு யாராவது பார்த்திருப்பார்கள்" என்று ஒவ்வொருவரும் நம்பினால் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கருக்குச் சந்தேகம் இருந்தது, குறிப்பாணையாக எழுதியும் கொடுத்தார். ஆனால் கூட்டத்தில் பேசவில்லை. அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி அவரைத் தனியே அழைத்து, அதிபர் முடிவெடுத்துவிட்டார், இனி துணை நிற்பதுதான் உங்கள் வேலை என்ற பொருளில் சொல்லி அனுப்பினார். இப்படித் தலைவரின் காதுக்கு மாற்றுக்கருத்து போகாமல் காவல் நிற்பவர் பல குழுக்களில் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் நிற்பார். சேதம் அதனால் குறைந்துவிடாது.

அடுத்த வருடம் அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து எழுந்த நெருக்கடி. ஏறக்குறைய அதே ஆட்கள். இந்த முறை அதிபர் கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. குழுவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் யோசனையை எழுதி, தாள்களை மாற்றிக்கொண்டு ஓட்டை கண்டுபிடிக்க வைத்தார்கள். உடனடி விமானத் தாக்குதல் என்று ஆரம்பித்த பேச்சு கடல் முற்றுகையில் வந்து நின்றது. கேள்வி கேட்டவர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: ஆளை மாற்றவில்லை, முறையை மாற்றினார்கள்.

ஜூன் 5, இரவு

சேலஞ்சர் விண்கலம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பலரும் "பொறியாளர்கள் எச்சரித்தார்கள், மேலாளர்கள் கேட்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கதை அந்த வரியை விட நுட்பமானது.

1986 ஜனவரி 27 இரவு, தொலைபேசி வழிக் கூட்டம். பூஸ்டர் ராக்கெட் செய்த மோர்டன் தயோகால் நிறுவனம் யூட்டாவில், நாசா அதிகாரிகள் வேறு இடங்களில். 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவக் கூடாது என்பது நிறுவனத்தின் முதல் பரிந்துரை. பூஸ்டரின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, சமயத்துக்கு இடைவெளியை அடைக்காது என்பது காரணம். நாசா தரப்பு கடுமையாக எதிர்க்கேள்வி கேட்டது. ஐந்து நிமிடம் தனியே பேசிக்கொள்கிறோம் என்று இணைப்பை மௌனமாக்கினார்கள். அது அரை மணி நேரம் ஆனது. அதற்குள், இது நிர்வாக முடிவு என்று சொல்லி, அறையில் இருந்த நாலு மேலாளர்களிடம் மட்டும் கருத்து கேட்கப்பட்டது. பொறியியல் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றி மேலாளர் தொப்பியைப் போடுங்கள் என்றார் மேலே இருந்தவர். பரிந்துரை தலைகீழானது. மறுபடி இணைப்புக்கு வந்ததும், வேறு கருத்து யாருக்காவது உண்டா என்று நாசா தரப்பு கேட்டது. யாரும் பேசவில்லை. மறுநாள் காலை 36 டிகிரியில் ஏவினார்கள். 73 விநாடியில் ஏழு பேர் போய்விட்டார்கள்.

அந்த அரை மணியில் நடந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் பாடம். முதலாவது, நிரூபிக்கும் சுமை இடம் மாறியது. "பாதுகாப்பானது என்று காட்டு" என்பது வழக்கம். அன்று "ஆபத்தானது என்று காட்டு" ஆனது. இரண்டாவது, எதிர்த்தவர்கள் அறையில் இருந்தும் கணக்கில் இல்லை. மூன்றாவது, மறுப்பு உண்டா என்ற கேள்வி முடிவு அறிவித்த பிறகு, எல்லோர் காதிலும் விழும் இணைப்பில் வந்தது. அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் "உண்டு" என்று சொல்ல ஒருவர் தன் முதலாளியையே வாடிக்கையாளர் முன்னால் மறுக்க வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்ப முக்கியம். அன்று குளிருக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய விவாதம் சேதம் நேர்ந்த பயணங்களை மட்டும் வைத்தே நடந்தது. அதில் வெப்பநிலையோடு தொடர்பு தெளிவாகத் தெரியாது. சேதம் இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது விசாரணை ஆணையம். 66 டிகிரியும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3-ல் மட்டும் வளையச் சேதம். 63-ம் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களில் நாலிலுமே சேதம். கையில் இருந்த தகவல்தான், அன்றிரவு மேசைக்கு வரவில்லை.

ஜூன் 6, காலை

மேலே உள்ளதற்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மையாகிவிடும். சமூகவியலாளர் டயேன் வாகன் 1996-ல் வேறு கோணம் வைத்தார். அந்த ஒரு இரவின் அழுத்தம் மட்டும் காரணமில்லை. வளையம் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களில் தெரிந்தே இருந்தது, ஒவ்வொரு முறையும் "தாங்கிவிட்டது" என்று ஏற்றுக்கொண்டே வந்தார்கள், விதிவிலக்கு மெல்ல மெல்ல வழக்கமானது என்கிறார். ஒரே இரவில் மாட்டிக்கொள்ளும் குழுவுக்கும், வருடக்கணக்கில் வழுக்கும் குழுவுக்கும் மருந்து வேறு. இரண்டாவதுக்குக் கூட்டமுறையை மாற்றினால் போதாது. எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துவோம் என்பதைக் காரியம் தொடங்கும் முன்பே எண்ணாக எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 8, மாலை

"பயமே இல்லாத நட்பான குழுவில் இந்தப் பிரச்சினை வராதுதானே?" என்று கேட்டவருக்கு.

வரும். அழுத்தமே இல்லாமலும் வரும். 1985-ல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் இதைக் காட்டினார்கள். கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

நாலு பேர் கொண்ட தேர்வுக் குழு. அ, ஆ என்று இரண்டு வேட்பாளர்கள். அ-வுக்குச் சாதகமாக 8 தகவல்கள், ஆ-வுக்கு 4. ஆ-வின் நாலும் எல்லோருக்கும் தெரியும். அ-வின் எட்டும் ஆளுக்கு இரண்டாகச் சிதறியிருக்கின்றன. ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்தால் அ-வுக்கு 2, ஆ-வுக்கு 4. நாலு பேரும் ஆ-வைத்தான் சொல்வார்கள், நேர்மையாகவே.

"சரி, அதற்குத்தானே பேசிப் பார்க்கிறோம்" என்பீர்கள். ஒரு தகவல் தெரிந்தவர் அதை வாய்விட்டுச் சொல்ல 30 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் மேசைக்கு வர 30 சதவீதம்தான். நாலு பேருக்கும் தெரிந்தது வராமல் போக 0.7-ஐ நாலு தடவை பெருக்க வேண்டும், 0.24. அதாவது வர 76 சதவீதம். ஆ-வுக்கு 4-ல் சராசரி 3 வந்துவிடும். அ-வுக்கு 8-ல் 2.4. பேசி முடித்த பிறகும் ஆ-தான் முன்னால். போதாக்குறைக்கு, எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவர் சொன்னால் மற்ற மூவரும் "ஆமாம், நானும் கவனித்தேன்" என்பார்கள். புதிதாக ஒன்றைச் சொல்பவருக்கு அந்த ஆமோதிப்பு கிடைக்காது, அடுத்ததைச் சொல்ல மாட்டார்.

ஆக, "எல்லோரும் கருத்து சொல்லுங்கள்" என்பது தப்பான அழைப்பு. "உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடியது எது? ஆளுக்கு இரண்டு எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். விருப்பத்தைக் கேட்பது அதற்கு அப்புறம்.

ஜூன் 9

முறை என்ன, அதைச் சொல்லுங்கள் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். ஏழு பேர், ஒரு மணி நேரம் என்று வைத்துச் சொல்கிறேன்.

முந்தின நாளே கேள்வியை ஒரே வாக்கியத்தில், குறைந்தது இரண்டு தெரிவுகளோடு அனுப்புங்கள். தலைவர் எந்தப் பக்கம் என்பது அதில் தெரியக் கூடாது. கூட்டம் தொடங்கியதும் முதல் ஐந்து நிமிடம் பேச்சே கிடையாது. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், ஆதரித்து வலுவான ஒரு காரணம், எதிர்த்து வலுவான ஒரு காரணம். எதிர்க்காரணத்தைக் காலியாக விடக் கூடாது என்பது கட்டாயம். முழு முறையின் உயிர் அந்த ஒரு கட்டாயத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் எதிர்த்து எழுதியாக வேண்டும் என்றால், எதிர்த்து எழுதியவர் என்று யாரையும் தனியே பார்க்க முடியாது.

சீட்டுகளைத் தலைவர் அல்லாத ஒருவர் வாங்கிக் கலைத்து, ஒரே தொனியில் வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது யாரும் பதில் சொல்லக் கூடாது. மதிப்பெண்களைப் பலகையில் எழுதுங்கள். 9, 8, 8, 7, 7, 4, 3 என்று வந்தால் சராசரி 6.6, "பரவாயில்லை" என்று தோன்றும். சராசரியைப் போடவே போடாதீர்கள். 9-க்கும் 3-க்கும் நடுவே இருக்கும் ஆறு புள்ளி வித்தியாசம்தான் அன்றைய விவாதப் பொருள். பேச்சு 3 போட்ட சீட்டில் இருக்கும் எதிர்க்காரணத்திலிருந்து தொடங்கட்டும், எழுதியது யார் என்று கேட்காமல். தலைவர் கடைசியில் பேசுவார். முடிவில் இன்னொரு சீட்டு, மதிப்பெண் மட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள்: தலைவர் ஒவ்வொரு எதிர்க்காரணத்துக்கும் உடனே விளக்கம் கொடுப்பார். மூன்றாவது விளக்கத்தோடு அடுத்த கூட்டத்துச் சீட்டுகள் வெறும் ஒப்புக்கு எழுதியவையாகிவிடும். கையெழுத்து தெரியும், அதனால் அச்செழுத்தில் எழுதச் சொல்லுங்கள். நாலு பேருக்குக் குறைந்த குழுவில் யார் எழுதியது என்பது உள்ளடக்கத்திலேயே தெரிந்துவிடும், அங்கே பெயர் மறைப்பை நம்பாமல் அந்தக் கட்டாயத்தை நம்புங்கள். எல்லாவற்றையும் விட அதிகம் நடப்பது, நேரமில்லை என்று இதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளுவது. அப்போது மூன்று பேர் ஏற்கெனவே பேசியிருப்பார்கள். ஆஷின் அந்த மூன்று பேர்.

ஜூன் 9, இன்னும் கொஞ்சம்

"இளையவர் முதலில் பேசட்டும், போதாதா?" பிரிட்டிஷ் மரபு ராணுவ நீதிமன்றங்களில் அப்படித்தான், பதவியில் குறைந்தவர் முதலில் கருத்து சொல்வார். மூத்தவரின் நிழல் விழாது, நல்லதுதான். ஆனால் இளையவர் வெட்டவெளியில் நிற்பார். மூத்தவர் மனதில் என்ன இருக்கும் என்று ஊகித்து அதையே சொல்லிவிடவும் கூடும். சீட்டு எழுதிய பிறகு இளையவர் முதலில் என்றால் நன்றாக வேலை செய்கிறது.

ஜூன் 12

எதிர்வாதம் பேச ஒருவரை நியமிப்பது பற்றி. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உளவியலாளர் சார்லன் நெமத்தும் சகாக்களும் 2001-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிஜமாகவே மாறுபடுகிறவர் இருக்கும்போது குழு புதிதாக யோசிக்கிறது. நடிப்புக்கு எதிர்ப்பவர் இருக்கும்போது அந்த அளவுக்கு இல்லை. எதிர்ப்பையும் கேட்டுவிட்டோம் என்ற திருப்தி வேறு வந்துவிடும், அதுதான் ஆபத்து.

அதற்குப் பதில் உளவியலாளர் கேரி கிளைன் சொல்லும் முன்கூட்டிய பிரேதப் பரிசோதனை நல்லது. "ஒரு வருடம் ஆகிவிட்டது, திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது?" என்று சொல்லி மூன்று நிமிடம் மௌனமாக எழுத வையுங்கள். பிறகு வரிசையாக ஆளுக்கு ஒரு காரணம், தாள் தீரும்வரை. "தோற்கலாம்" என்று சொல்லாதீர்கள், "தோற்றுவிட்டது" என்றே சொல்லுங்கள். தோல்வி ஏற்கெனவே நடந்ததாக இருக்கும்போது அதற்குக் காரணம் சொல்பவர் யாரையும் எதிர்த்தவர் ஆகமாட்டார்.

ஜூன் 13

இணையவழிக் கூட்டங்களுக்கு: வாக்கெடுப்பில் முடிவை மூடும்வரை மறைத்துவையுங்கள். வாட்ஸாப் குழுவில் கட்டைவிரல் போடச் சொல்வதுதான் இருப்பதிலேயே மோசம். முதல் மூன்று விரலுக்குப் பிறகு வருவதெல்லாம் எதிரொலி. வீடியோ கூட்டம் என்றால் பதிலைத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும்.

செலவு, காலக்கெடு போன்ற எண்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். 1907-ல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ஆராய்ந்த, மாட்டின் எடையை ஊகித்துச் சீட்டில் எழுதும் போட்டியில் 787 சீட்டுகளின் நடு மதிப்பு 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காததால் பிழைகள் இரண்டு பக்கமும் சிதறி ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பார்த்து எழுதினால் எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாயும், நம்பிக்கை மட்டும் கூடும்.

ஜூன் 17

யோசித்துப் பார்த்தால், இதுவரை எழுதியதில் ஜானிஸ் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்த தொனி இருக்கிறது. நெருக்கமான குழு என்றாலே குழுச்சிந்தனை வந்துவிடும் என்ற அவருடைய கருத்துக்குச் சோதனைச் சாலையில் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. 1977-ல் ஃப்ளவர்ஸ் செய்த சோதனையில், குழுவின் நெருக்கத்தை விடத் தலைவர் நடத்தும் விதம்தான் வித்தியாசம் காட்டியது. தன் விருப்பத்தை முதலில் சொல்லும் தலைவரின் கீழ் யோசனைகளும் குறைவு, வெளியே வந்த தகவல்களும் குறைவு. நட்பை முறிக்கச் சொல்ல வேண்டியதில்லை. தலைவர் தன் வாயை முதல் அரை மணிக்குக் கட்டினால் போதும்.

இன்னொன்று, எல்லா முடிவுக்கும் இந்தப் பாடு வேண்டாம். நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவை ஒருவரே எடுத்துவிட்டுப் போகட்டும். திரும்பப் பெற முடியாதது, பணம் அதிகம் போவது, உயிர் சம்பந்தப்பட்டது, இவற்றுக்கு மட்டும் சீட்டு.

ஜூன் 21. கேள்வி கேட்டவர்

தலைவர் மாற மாட்டார். சீட்டும் வராது. சாதாரண உறுப்பினர் என்ன செய்வது?

ஜூன் 21, இரவு

விமானிகளுக்குக் கற்றுத்தரும் வாக்கிய வரிசை ஒன்று இருக்கிறது. 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். சக்கரக் கோளாறிலேயே கேப்டனின் கவனம் முழுக்க இருந்தது. எரிபொருள் குறைவதை மற்றவர்கள் சொன்னார்கள், ஆனால் உறைக்கும்படி சொல்லவில்லை. அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் விமானி அறைக் குழுப் பயிற்சி வந்தது. வரிசை இது: பெயர் சொல்லிக் கூப்பிடு, கவலையைச் சொல், பிரச்சினையை எண்ணோடு சொல், ஒரு வழி சொல், சம்மதமா என்று கேள். கூட்டத்துக்கு மாற்றினால்: "ஐயா, எனக்கு ஒரு கவலை. இந்தத் திட்டத்துக்கு ஆறு மாதம் ஆகும், கையில் நாலு மாதப் பணம்தான் இருக்கு. முதல் கட்டத்தை மட்டும் இப்ப ஒப்புக்கொள்ளலாம். சரியா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தலைவர் "ம், பார்ப்போம்" என்று நகர்ந்துவிடலாம்.

எதிர்ப்பதென்றால் ஒரே விஷயத்தில் நில்லுங்கள். உளவியலாளர் மோஸ்கோவிசி 1969-ல் நீல நிற ஸ்லைடுகளை இரண்டு பேர் பச்சை என்று சொல்ல வைத்தார். அந்த இருவரும் மாறாமல் சொன்னபோது மற்றவர்களின் பதில்களில் 8 சதவீதத்துக்கு மேல் பச்சைக்கு நகர்ந்தன. சில தடவை மாற்றிச் சொன்னபோது ஒரு சதவீதம் சொச்சம்தான். தப்பான விஷயத்துக்கே உறுதி இவ்வளவு செய்கிறது. நாலு குறை சொல்லி மூன்றைக் கைவிடுவதை விட, ஒன்றை மூன்று கூட்டங்களில் அதே சொற்களில் சொல்வது மேல்.

கூட்டத்துக்கு முன் ஒரே ஒருவரிடம் பேசிவிடுங்கள். உங்கள் முடிவை அவர் ஏற்க வேண்டியதில்லை, "இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்" என்று அவர் சொன்னால் போதும். ஆஷின் சோதனையில் துணைவர் வேறு ஒரு தப்பான பதிலைச் சொன்னபோதுகூட மற்றவர் வழுக்குவது குறைந்தது. ஆனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். துணைவர் பாதியில் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டபோது வழுக்கல் சட்டென்று பழைய அளவுக்கே ஏறியது. அவர் அறையை விட்டு வெளியே போனபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. கூட்டத்தில் பின்வாங்கக்கூடியவர் என்று தோன்றினால் அவரைப் பேசச் சொல்லாதீர்கள், கேள்வியை மட்டும் முந்தின நாளே நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.